மூன்று ஈட்டுச் சாதகம்

கடிகாரம் இல்லாத வீட்டில் நிமிஷக் கணக்கோடு அட்டவணை எழுதி ஒட்டியவள் நான். அப்போது ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான்தான். அப்பா ராஜபாளையம் பருத்திப் பேட்டையில் மூட்டை தூக்கினார்; கைநாட்டு. அம்மாவுக்கு அதுவும் தேவைப்பட்டதில்லை. ஒரு அடிபம்பைச் சுற்றி எட்டு வீடுகள் இருந்த எங்கள் வளவில், யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நான் உடனே வாசித்துவிட மாட்டேன். முதலில் ஒருமுறை எனக்குள் படித்து, தலையை ஆட்டிவிட்டு, பிறகுதான் உரக்க வாசிப்பேன். அந்த வயதில் எனக்கு அவ்வளவு மிதப்பு இருந்தது.

அந்த வருஷம் எங்கள் கிறிஸ்தவ சபையின் பழைய ஆர்மோனியம் நாலு மாதத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது. அதன் துருத்தியில் சைக்கிள் டியூப் ஒட்டுப் போட்டிருந்தது. ஒரு கட்டையை அழுத்தினால் காற்று மட்டும் வரும். ஆனாலும் அது எங்கள் வீட்டில் இருந்த பொருள்களிலேயே பெரியது. அதை வைப்பதற்காக அரிசிப் பானை இடம்மாறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குப் பாட்டுச் சொல்லித்தந்த டீச்சர்தான் அதைக் கொடுத்தனுப்பினார். ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சில் அந்த வருஷம் சுற்றுவட்டாரச் சபைகள் எல்லாம் சேர்ந்து, விளைச்சலைக் காணிக்கை வைக்கும் அறுப்புப் பண்டிகை கொண்டாடுவதாக இருந்தது. அதற்கென்று டீச்சரே ஒரு பாட்டு எழுதி மெட்டும் போட்டிருந்தார். எங்கள் சபை சார்பில் அதை வாசிக்க ஒரு பிள்ளை வேண்டும். நானா, டாக்டர் வீட்டுப் பெண்ணா என்பது பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால் முடிவாகும். டாக்டர் வீட்டில் சொந்த ஆர்மோனியமே இருந்தது.

டீச்சர் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்தார். தேதி, ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், வாசித்தது என்ன, பெற்றோர் கையொப்பம் என்று கோடு போட்டிருந்தது. தினம் ஒரு மணி நேரம் வாசிக்க வேண்டும். தவறினால் தவறியது என்று எழுத வேண்டும்.

அன்றே ஸ்கெட்ச் பேனா கடன் வாங்கி அட்டவணை போட்டேன். ஆறு மணி முதல் ஆறு இருபது வரை ஸ்வர வரிசை, ஆறு நாற்பது வரை பல்லவி, ஆறு ஐம்பத்தைந்து வரை சரணங்கள், பிறகு ஐந்து நிமிஷம் ஓய்வு. ஓய்வுக்குப் பச்சை நிறம். சோற்றுப் பசை தடவி அடுப்புக்கு எதிர்ச்சுவரில் ஒட்டினேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து வெகுநேரம் பார்த்தாள்.

"கோடெல்லாம் நேராத்தான் போட்டுருக்கே. இதுல மில்லுச் சங்கு எந்தக் கட்டத்துல ஊதும்?"

ஏழு மணிச் சங்கு என் அட்டவணைக்கு வெளியே ஊதியது. அதை விளக்க நான் வாயெடுப்பதற்குள் அம்மா அடுப்புக்குத் திரும்பிவிட்டாள். முதல் வாரம் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு ஓடி ஓடி அவர்கள் கடிகாரத்தைப் பார்த்து வந்தேன். வாசித்த நேரத்தைவிட ஓடிய நேரம் அதிகம். ஆறு மணிக்கெல்லாம் ஆர்மோனியச் சத்தம் கேட்டு எதிர்வீட்டுக் கைக்குழந்தை அழ ஆரம்பித்தது வேறு. ஏழு மணியைத் தாண்டியும் பல நாள் வாசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் அம்மா தன் சட்டத்தைச் சொன்னாள். இனிமேல், மில்லுச் சங்குக்குக் கொஞ்சம் முன்னால் அவள் இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றும்போதுதான் நான் ஆரம்பிக்க வேண்டும். முதல் ஈடு இட்லி வேகும்வரை ஒரு பாடம், இரண்டாவது ஈட்டுக்கு ஒன்று, மூன்றாவது ஈட்டுக்கு ஒன்று. மூன்றாவது தடவை மூடியைத் தூக்கியதும் பெட்டியை மூடிவிட வேண்டும். அதற்குமேல் ஒரு சத்தம் வரக்கூடாது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று ஈடும் சேர்ந்து முக்கால் மணி நேரம்தான் வரும். டீச்சர் கேட்டது ஒரு மணி. மாலையில் வாசிக்கலாம் என்றால் அடிபம்பு வரிசையில் குடத்தோடு நிற்பது என் வேலை. பிறகு வீட்டுப் பாடம். அந்தக் கால் மணி நேரத்துக்காக அழுதும் பார்த்தேன். அம்மா அசையவில்லை. நாலாவது ஈடு ஊற்ற மாவு இல்லை என்றாள். எங்கள் மூன்று பேருக்கு இரண்டரை ஈடே போதும் என்பது எனக்குத் தெரியும். இரண்டாவது ஈட்டில் பாதி, ஒரு தூக்குச் சட்டியில் பக்கத்து வீட்டுக்குப் போனது. போகட்டும், எங்கள் வளவில் பாத்திரங்கள் போவதும் வருவதும் புதிதல்ல. ஆனால் ஊருக்கு அவிக்க மாவு இருக்கிறது, என் பாட்டுக்கு மட்டும் இல்லையா என்று மனசுக்குள் கறுவினேன்.

பக்கத்து வீட்டில் ஒரு மாமாவும் அத்தையும் இருந்தார்கள். உறவு இல்லை, தெலுங்கு பேசுகிறவர்கள். அவர் என் அம்மாவை அக்கா என்பார், அதனால் எனக்கு மாமா. ஸ்பின்னிங் மில்லில் அவருக்கு அந்த வருஷம் முழுக்க இராத்திரி ஷிப்டு. ஏழு மணிச் சங்குக்கு ஷிப்டு முடிந்து, தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்க, சைக்கிளில் வந்து சேருவார். அடிபம்பில் குளித்துவிட்டுச் சாப்பிட்டுப் படுப்பார். அத்தை அதற்கு முன்பே பேண்டேஜ் துணித் தறிக்கு வேலைக்குப் போயிருப்பார். அவர்களைப் பற்றி நான் அறிந்தது அவ்வளவுதான்.

கையொப்பக் கட்டத்துக்கும் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு ஈட்டின் மூடியைத் தூக்கும்போதும் என் பென்சிலை வாங்கி நோட்டில் ஒரு வட்டம் போட்டாள். மாவுக் கை பட்டு அந்த இடம் மொடமொடவென்று காய்ந்திருக்கும். ஒரு நாளுக்கு மூன்று வட்டம், மூன்று இட்லி மாதிரி. டாக்டர் வீட்டுப் பெண்ணின் நோட்டில் அவள் அப்பா பச்சை மையில் இங்கிலீஷ் கையெழுத்துப் போட்டிருந்தார். நான் வகுப்பில் ரப்பரை எடுத்து அம்மாவின் வட்டங்களை அழித்தேன். அந்த இடத்தில் அம்மாவின் பெயரை நானே அழகாக எழுதி, ஆறு மணி முதல் ஏழு மணி வரை என்றும் நிரப்பினேன். வாரம் ஒருமுறை இதைச் செய்தேன்.

என் சிக்கல் பாட்டின் கடைசியில் இருந்தது. பாட்டுக்கு நாலு சரணம். மூன்று சரணங்கள் ஒரே மாதிரி மேலே ஏறிப் போகும். நாலாவது சரணத்தின் கடைசி வரி மட்டும், ஏறப்போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, திடீரென்று இறங்கி, கீழ் ஸ்வரங்களில் மெதுவாக வந்து உட்காரும். டீச்சருக்கே அந்த வரிமேல் பெருமை. எனக்கு அங்கேதான் விரல் தடுக்கும். ஸ்வர வரிசை ஒரு ஈடு, பல்லவி ஒரு ஈடு, பிறகு பாட்டை முதலிலிருந்து வாசித்தால், மூன்றாவது சரணம் முடியும்போது அம்மாவின் கொப்பரை மூடி திறந்துவிடும். நாலாவது சரணத்துக்கு நான் போய்ச் சேர்ந்ததே இல்லை.

பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கும்போது டீச்சர் ஒரு வெள்ளிக்கிழமை என்னைத் தன் வீட்டுக்குத் தனியாக அழைத்து, முன்பாதி நன்றாக இருக்கிறது, முடிவு இப்படியே இருந்தால் மற்றப் பெண்ணைத்தான் அனுப்ப வேண்டிவரும் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் சனிக்கிழமை. மூன்றாவது மூடி திறந்தது. நான் நிறுத்தவில்லை.

"போதும், மூடு."

"கடைசி வரி இருக்கு."

"அது நாளைக்கும் இருக்கும்லா. மூடுட்டி."

நான் நாலாவது சரணத்தை ஆரம்பித்தேன். அம்மா அடுப்பை விட்டு எழுந்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, மாவுக் கையைத் துருத்தியின் மேல் வைத்து அமுக்கினாள். ஆர்மோனியம் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. எனக்கு வந்த கோபத்தில் என்ன சொல்கிறோம் என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"உனக்கென்னம்மா தெரியும்? நீ பள்ளிக்கூடம் போயிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அம்மா கையை எடுத்துவிட்டாள். எழுந்து போய் அடுப்பில் விறகை உள்ளே தள்ளினாள். நான் ஜெயித்துவிட்டேன். அரை மணி நேரம், முக்கால் மணி நேரம், சரியாகத் தெரியாது, ஆசை தீர வாசித்தேன். நடுவில் ஜன்னல் வழியே பார்த்தபோது பக்கத்து வீட்டு மாமா அடிபம்பு மேடையில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா அவருக்கு ஒரு டம்ளர் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள். இருவரும் ஏதோ பேசிவிட்டு எங்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். கேட்பதற்கு ஆள் வந்துவிட்டது என்று நான் துருத்தியை இன்னும் பலமாக அடித்தேன்.

அன்று சாயங்காலம் நான் தண்ணீருக்குப் போய்விட்டு வந்தபோது, அம்மா என் நோட்டை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். எழுத்து தெரியாதவளுக்கும் தன் வட்டங்கள் அங்கே இல்லை என்பது தெரிந்திருக்கும். என்னைப் பார்த்ததும் மூடிவைத்துவிட்டாள். அவள் கேட்டால் சொல்வதற்கு நான் இரண்டு பொய்கள் தயாராக வைத்திருந்தேன். இரண்டும் வீணாயின.

அடுத்த நாள் காலை கொப்பரையை ஏற்றிவிட்டு, சண்டையே நடக்காதது மாதிரி கேட்டாள்.

"எந்த எடத்துலட்டி தடுக்குது?"

"கடைசி வரில."

"அப்ப அத மொத ஈட்டுல வாசி."

பாட்டை யாராவது கடைசியிலிருந்து ஆரம்பிப்பார்களா என்று கேட்டேன். அம்மா மாவைக் குழியில் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"கொழம்பு வைக்கையில வேகாத கெழங்கத்தான மொதல்ல போடுதோம்? தக்காளிய மொதல்ல போட்டுட்டு, கெழங்கு வேகலன்னு அழுதா எப்படி? கை ஓயாம இருக்கும்போதே கஷ்டமானத முடி. தெரிஞ்சத பொறவு வாசிக்கலாம்."

வேறு வழியில்லாமல் அந்த ஒரே வரியை முதல் ஈடு முழுவதும் வாசித்தேன். முதலில் வலதுகை விரல் மட்டும், பிறகு துருத்தியோடு, பிறகு மெதுவாக, பிறகு உள்ள வேகத்தில். இருபது முப்பது தடவை வந்திருக்கும். இரண்டாவது ஈட்டுக்கு ஸ்வர வரிசை. மூன்றாவது ஈட்டுக்கு முதலிலிருந்து பாட்டு. மூன்றாவது சரணத்தில் வழக்கம்போல மூடி திறந்தது, நான் பெட்டியை மூடினேன். அம்மா நோட்டை வாங்கி மூன்று வட்டம் போட்டாள். பென்சில் முனை உடையும் அளவுக்கு அழுத்திப் போட்டிருந்தாள். அடியில் இருந்த நாலு தாள்களில் அந்தத் தடம் இருந்தது. ரப்பரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

அந்த வாரம் டீச்சர் வட்டங்களைப் பார்த்துவிட்டார். இதென்ன என்று கேட்டார். இட்லி என்று சொல்ல வாய் வரவில்லை. நேரத்தை மூன்றாகப் பிரித்துக்கொண்டேன் டீச்சர், வராததை முதலில் வாசிக்கிறேன், வந்ததைக் கடைசியில் வாசிக்கிறேன் என்றேன். டீச்சர் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, எல்லாரும் இந்தப் பிள்ளையைப் போல் யோசித்துச் சாதகம் பண்ண வேண்டும் என்றார். நான் நிமிர்ந்து நின்று அந்தப் பாராட்டை முழுவதுமாக வாங்கிக்கொண்டேன். வீட்டில் போய் அதைச் சொல்லவும் இல்லை. பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால் எங்கள் இருவரையும் வாசிக்க வைத்து, என்னைத் தேர்ந்தெடுத்தார். கடைசி வரிக்காகத்தான் என்று அவரே சொன்னார்.

இதற்குமேல் நடந்ததைச் சொல்லுமுன், எனக்குப் பல வருஷம் கழித்துத் தெரிந்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ப்ளஸ் டூ முடித்து மதுரைக்குக் கல்லூரி விடுதிக்குப் போகும் நாளில், பக்கத்து வீட்டு அத்தைதான் என் படுக்கையைச் சுருட்டிக் கட்டிக்கொடுத்தார். அப்போது பேச்சுவாக்கில் சொன்னார்.

"நீ பொட்டி வாசிக்க ஆரம்பிச்ச மொத வாரமே நான் ஒங்கம்மாகிட்ட வந்துட்டேன். மைனி, அவிய ராத்திரி பூரா நின்னுட்டு வாராக, பகல்ல கண்ண மூட முடியலன்னு. ஒங்கம்மாதான் இந்த ஏற்பாட்டச் சொன்னது. அவிய வந்து குளிச்சுச் சாப்புட்டு முடிக்கிறதுக்குள்ள மூணு ஈடு. அதுக்குமேல ஒரு சத்தம் வராது. தொந்தரவுக்குப் பதிலா இட்லியும் தந்துருதேன்னாக."

என்னிடம் ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன். அம்மாதான் சொல்லக்கூடாது என்றாளாம். பிள்ளை பயந்துபோனால் பெட்டியைத் தொடமாட்டாள், கோபத்தோடாவது வாசிக்கட்டும் என்றாளாம். நான் ஜெயித்த அந்தச் சனிக்கிழமை, படுக்கிற நேரம் தப்பிப்போய், மாமாவுக்குப் பகல் முழுக்கத் தூக்கமே பிடிக்கவில்லை. அன்றிரவு மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபடியே தூங்கி, மேஸ்திரியிடம் வசமாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அதைச் சொல்லிவிட்டு அத்தை சிரித்தார்.

"அன்னைக்கு உக்காந்து பூராவும் கேட்டாகளேன்னுதான நெனைக்கே? நீ அந்தக் கடைசி எடத்துல தடுக்கித் தடுக்கி விழுந்ததுல அவியளுக்கு ஒண்ணுமே வெளங்கல. பொறவு நீ அத மொத ஈட்டுக்கு மாத்திட்ட. அப்ப அவிய மில்லுல இருப்பாக. தெனம் ராத்திரி மில்லுக்குக் கெளம்பும்போது சொல்லுவாக, பாட்டு நல்லாத்தான் இருக்கு, முடிவு மட்டும் தெரியலன்னு. போயி கேளுங்க, புள்ள வாசிச்சுக் காட்டும்னேன். பேச்சு மூணு ஈடுதான, நாமளே மீறலாமான்னுட்டாக."

இனி பண்டிகைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச் வாசலில் பூசணிக்காயும் கரும்பும், காலைக் கட்டிய கோழிகளும் காணிக்கையாகக் குவிந்து கிடந்தன. வன்னியம்பட்டிப் பக்கமிருந்து யாரோ ஒரு ஆட்டுக்குட்டியே கொண்டுவந்திருந்தார்கள். அம்மா பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் தலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா பேட்டையில் யாரிடமோ கடன் வாங்கிய வெள்ளைச் சட்டையில் எனக்கே அடையாளம் தெரியாமல் இருந்தார்.

முதல் இரண்டு சரணமும் விரல் தன்பாட்டுக்குப் போயிற்று. மூன்றாவது சரணம் முடியும் இடத்தில் என் காது தானாகவே கொப்பரை மூடிச் சத்தத்துக்குக் காத்திருந்தது. அது வரவில்லை. நாலாவதுக்குள் போனேன். கடைசி வரி ஏறப்போவதுபோல் போய், இறங்கி, மெதுவாகக் கீழே வந்து உட்கார்ந்தது. எங்கும் தடுக்கவில்லை. தலை நிமிர்ந்தபோது பக்கவாட்டு வாசலில் பக்கத்து வீட்டு மாமா நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தேன். அவர் எங்கள் சபை ஆள் இல்லை, சர்ச்சுக்குள் வந்தவரும் இல்லை. மில்லிலிருந்து நேராக பஸ் ஏறி வந்திருந்தார். தலையில் பஞ்சு அப்படியே இருந்தது. இவ்வளவு பேர் நல்ல துணி உடுத்தியிருக்கும்போது இவர் இப்படியா வந்து நிற்பார் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். பெரிய பெரிய ஆட்களெல்லாம் என் தலையைத் தொட்டு நன்றாக வாசித்தாய் என்றார்கள். மாமா கரும்புக் கட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவரும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்து ஒருமுறை தலையை ஆட்டிவிட்டு, அம்மாவிடம் பேசினார்.

"இப்பிடித்தான் முடியுதாக்கா. நான் வேற மாதிரில்ல நெனச்சிருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. நாலு மாதச் சாதகம்; டீச்சரே மெச்சிய முடிவு. இவர் வேறு மாதிரி நினைத்தாராம்.

திரும்பும் பஸ்ஸில் அவர் எங்களுக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஊர் எல்லை தாண்டுமுன்பே ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். பஸ் குலுங்கும்போதெல்லாம் அவர் தலையிலிருந்து பஞ்சுத் துணுக்குகள் பறந்தன. எனக்கு இன்னும் ஆறவில்லை. படிக்காத ஆளுக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று அம்மாவிடம் சொன்னேன், அவருக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று சத்தமாகவே.

அம்மா என் வாயை உள்ளங்கையால் லேசாகப் பொத்தினாள். ஞாயிற்றுக்கிழமையிலும் அந்தக் கையில் மாவு வாசம் இருந்தது.

"மெதுவாப் பேசுட்டி. தூங்குதான்."

நான் கேட்டதற்கு அம்மாவிடம் பதில் இல்லை, அதனால்தான் பேச்சை மாற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.